வீட்டுச் சாமான்களை யாரை நம்பி ஏற்றுவது?

ரொறன்ரோவில் நீண்ட காலம் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பத் தீர்மானித்திருக்கும் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருடைய பெற்றோரின் தளபாடங்கள் கொழும்பில் உறவினர் வீடொன்றில் பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றைத் தன்னாமுனையில் கட்டி முடித்திருக்கும் புதிய வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். "உனக்குத்தான் ஊரெல்லாம் ஆட்களைத் தெரியுமே, நம்பிக்கையான ஓர் ஆளைப் பிடித்துத் தா" என்பது அவரது வேண்டுகோள்.

இரண்டு வரியில் ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் "ஆளைப் பிடித்துத் தா" என்ற சொற்களைப் படித்தபோது மனம் உறுத்தியது. 2016 ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் ஓர் ஆளைப் பிடித்தேன். அதற்குக் கொடுத்த விலையை இன்றும் மறக்க முடியவில்லை. தோழருக்கு எழுத வேண்டிய பதில் அவரைப் போல வீடு மாறவிருக்கும் வேறு பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

தன்னாமுனையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கு நோக்கிப் புறப்பட்டால், ஏறாவூருக்கு முன்னதாக வாவியை ஒட்டி வரும் கிராமம் அது. எங்கள் பகுதி மக்களுக்கு மூட்டை கட்டுவதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு சூறாவளி வந்தபோது நான் சிறுவன். கூரை பறந்த வீட்டிலிருந்து அம்மா எதை எடுத்தார், எதை விட்டார் என்பது நினைவில் இருக்கிறது. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது துவிச்சக்கரவண்டியின் பின்னால் கட்டக்கூடியவை மட்டுமே எங்கள் சொத்தாயின. 2004 டிசம்பர் 26 இல் கரையோர மக்கள் உடுத்த உடையோடு வந்தார்கள். 2006 இன் பிற்பகுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்து மக்கள் பானை சட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பெயர்வுகள் எவற்றிலும் சாமான்களை யார் ஏற்றுவது என்று தெரிவு செய்யும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை. உழவு இயந்திரம் வைத்திருந்தவர் ஏற்றினார், தோணி வைத்திருந்தவர் ஏற்றினார். பெரும்பாலானோர் கூலி கேட்கவில்லை. எதையாவது தொலைத்திருந்தாலும் அவர்களைக் குறைகூற எவருக்கும் மனம் வந்திராது. தெரிந்தவர் என்றால் நம்பலாம் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போனது அப்படித்தான். அந்தக் காலத்துக்கு அது சரியான எண்ணமே. அதையே முன்னூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கூலிக்குச் சாமான் ஏற்றிவரும் ஒரு தொழிலுக்கும் பொருத்திப் பார்த்ததுதான் நான் செய்த தவறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வீட்டுச் சாமான் கொண்டுபோவதென்றால் பட்டியல் எழுத வேண்டும். கதிரை எத்தனை, மேசை எத்தனை, தையல் இயந்திரம் ஒன்று என்று எழுதி, கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கி, சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். அங்கே சாமான்களை இறக்கி எண்ணுவார்கள். பட்டியலில் இல்லாத ஒரு பொருள் இருந்தாலும் கேள்வி, இருக்க வேண்டிய பொருள் இல்லாவிட்டாலும் கேள்வி. ஆகவே பட்டியல் என்ற சொல்லே எங்களுக்குக் கசந்தது. போர் முடிந்த பின்னர் ஒரு தாளும் எழுதாமல் லொறியில் சாமானை ஏற்றிவிட்டுப் போகலாம் என்பதே ஒரு விடுதலையாகத் தோன்றியது.

2016 ஆகஸ்ட் மாதத்தில் வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டை விட்டு ஊருக்குத் திரும்பத் தீர்மானித்தோம். பதினெட்டு ஆண்டுகள் குடியிருந்த வீடு. அம்மாவும் எங்களுடன் இருந்தார். இரண்டு பேரிடம் விலை கேட்டேன்.

முதலாமவர் வீட்டுச் சாமான் இடமாற்றத்தையே தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஊழியர். தொலைபேசியில் விலை சொல்ல மறுத்தார். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். அலுமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலைக் கழற்ற முடியுமா என்று ஆணிகளைத் தட்டிப் பார்த்தார், புத்தகங்கள் எத்தனை பெட்டி வரும் என்று கணக்கிட்டார். தன்னாமுனையில் வீட்டு வாசல் வரை பெரிய லொறி வருமா, பிரதான வீதியில் நிறுத்திச் சுமக்க வேண்டுமா என்று கேட்டார். ஏற்கெனவே உடைந்திருந்த கதிரைக் காலைக்கூட எழுதிக்கொண்டார். மறுநாள் மூன்று பக்கப் பட்டியலும் விலையும் வந்தன. விலையைப் பார்த்ததும் வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு. "இவ்வளவு காசுக்குப் புதுச் சாமானே வாங்கலாமே" என்றார் என் மனைவி.

இரண்டாமவர் மருமகனின் நண்பருக்குத் தெரிந்தவர், எங்கள் பக்கத்து ஆள். வீட்டைப் பார்க்கவில்லை. "எங்கட ஆக்கள்தானே அண்ணே, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்" என்றார். முதலாமவர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூடிய லொறி, நான்கு ஆட்கள், காலை ஆறு மணி என்று பேசி முடித்தோம். எல்லாம் வாய்ப்பேச்சு. என்னிடம் இருந்தது ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டுமே.

லொறி வந்தபோது பகல் பதினொரு மணி. மூடிய லொறிக்குப் பதிலாகப் படங்கு போட்ட திறந்த லொறி. நான்கு நாட்டாமிமாருக்குப் பதிலாக வழியில் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர். அவர்கள் மீது எனக்கு இன்றும் கோபமில்லை. அன்றைய கூலி எவ்வளவு என்பதுகூட அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. காலை உணவும் இல்லை. மூன்று மாடி ஏறி இறங்கி அலுமாரியைச் சுமந்தார்கள். எதை எங்கே வைப்பது என்று சொல்ல ஒருவர் இல்லை. பெட்டிகளுக்கு இலக்கம் இல்லை. நானும் இலக்கம் போடவில்லை.

நாங்கள் வாகனத்தில் முன்னதாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். லொறி மறுநாள் காலையில் வர வேண்டும். வரவில்லை. தொலைபேசிக்குப் பதில் இல்லை. மாலையில் ஒரு லொறி வந்து வீட்டின் முன்னால் நின்றது. அது நாங்கள் சாமான் ஏற்றிய லொறி அல்ல, சாரதியும் வேறு. முதல் லொறிக்காரர் இரவில் தம்புள்ளையில் வைத்து எங்கள் சாமான்களைக் கிழக்கு நோக்கிச் செல்லும் இன்னொரு லொறிக்கு மாற்றிவிட்டுத் தாம் வேறு ஏற்றத்துக்குப் போய்விட்டாராம். வந்த சாரதிக்கு எங்கள் பெயரும் தெரியாது. இரண்டு லொறிக்கும் ஏற்றி இறக்கிய கூலியைத் தந்தால்தான் படங்கை அவிழ்ப்பேன் என்று அவர் உறுதியாக நின்றார். அயலவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பேசிய தொகைக்கு மேலாக அவர் கேட்டதைக் கொடுத்தேன். முதலாவது நிறுவனம் கேட்ட விலைக்கும் நான் கொடுத்து முடித்த தொகைக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது விறாந்தையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் எண்ணிப் பாத்தியா மனே?"

எதை வைத்து எண்ணுவது? மூன்றாம் நாள்தான் கறுப்பு றங்குப்பெட்டி இல்லை என்பது தெரியவந்தது. அதற்குள் எங்கள் காணி உறுதி, எல்லாருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், இரண்டு புகைப்படத் தொகுப்புகள் ஆகியவை இருந்தன. 1990 இல் அம்மா இடுப்பில் கட்டிய துணிப்பையில் வைத்து மூன்று இடங்களுக்குச் சுமந்து காப்பாற்றிய உறுதி அது. அத்தனை சோதனைச் சாவடிகளையும் கடந்து வந்த அந்தத் தாள், யாரும் எங்களைத் துரத்தாத ஒரு நாளில், நான் காசு கொடுத்து அமர்த்திய லொறியில் தொலைந்தது.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிய உத்தியோகத்தர் பண்பாகவே பேசினார். ஏற்றிய சாமான்களின் பட்டியல் உண்டா என்று கேட்டார். இல்லை. ஒப்பந்தம் உண்டா? இல்லை. பணம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு? இல்லை. லொறியின் இலக்கம்? முதலாவது லொறியின் இலக்கத்தை நான் கவனிக்கவே இல்லை. செய்தி எழுதப் போகும் இடத்தில் வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாத இளம் நிருபர்களை எத்தனை தடவை கடிந்திருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் எழுதாதது நடக்காததற்குச் சமம் என்று மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிவந்தவன் நான்.

காணி உறுதியின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். பெற்றோம். அலைச்சலும் பல மாதங்களும் எடுத்தன. பிறப்புச் சாட்சிப்பத்திரங்களுக்கும் பிரதி கிடைத்தது. புகைப்படங்களுக்கு எந்தப் பதிவகமும் இல்லை. 2019 இல் அம்மா காலமானபோது, பத்திரிகை அறிவித்தலுக்குக் கொடுப்பதற்கு அவருடைய அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்துக் கொடுத்தோம்.

இதையெல்லாம் சொல்வது அந்த லொறிக்காரரைத் திட்டுவதற்காக அல்ல. அவர் திருடினார் என்றுகூட நான் நம்பவில்லை. இருட்டில் ஒரு லொறியிலிருந்து இன்னொரு லொறிக்கு மாற்றும்போது ஒரு பெட்டி தவறியிருக்கும். அதைக் கவனிக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை என்பதே பிரச்சினை. ஏற்றுவதற்கு முன்னர் எழுதிக் கொடுக்கச் சம்மதிப்பவரை மட்டுமே நம்பலாம் என்பது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். முகம் தெரிந்திருப்பதோ, ஊர் ஒன்றாயிருப்பதோ, விளம்பரம் அழகாயிருப்பதோ அதற்கு ஈடாகாது.

"தெரிந்தவரிடம் எழுதித் தா என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாதா?" என்று சிலர் கேட்கலாம். இந்தச் சங்கடம் மிகப் பழையது. 1703 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட கொக்ஸ் எதிர் பேர்னாட் என்ற வழக்கைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். பேர்னாட் என்பவர் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்கு மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டார். கூலி எதுவும் பேசப்படவில்லை. கவனயீனத்தால் பீப்பாய் ஒன்று உடைந்து பிராந்தி கொட்டிப்போயிற்று. கூலி வாங்காமல் உதவி செய்தவர் மீது வழக்குப் போடலாமா என்பதே கேள்வி. பொருளைப் பொறுப்பேற்றுக் கையில் எடுத்தவர், கூலி வாங்காவிட்டாலும், கவனயீனத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே வழக்கில் பிரதம நீதியரசர் ஹோல்ட் இன்னொன்றையும் விளக்கினார். எவரது பொருளையும் ஏற்றுவேன் என்று பொதுமக்களுக்கு அறிவித்துக் கூலிக்குத் தொழில் நடத்துபவருடைய பொறுப்பு இதைவிடக் கடுமையானது. கடவுளின் செயலாலும் அரசரின் பகைவராலும் நேர்ந்த இழப்பைத் தவிர ஏனையவற்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். சூறாவளியையும் போரையும் கண்ட எங்கள் ஊரவருக்கு அந்த இரண்டு விதிவிலக்குகளையும் விளக்கத் தேவையில்லை. தரைவழிப் பொருள் ஏற்றுநர் தொடர்பில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றுமாறு ஆங்கிலேயர் காலத்துச் சிவில் சட்டக் கட்டளை இலங்கையிலும் விதித்தது. ஆகவே சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் சட்டத்தின் முன்னால் போவதற்கு எந்தப் பொருளை, எந்த நிலையில், யாரிடம் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். அங்கேதான் பட்டியல் வேண்டியிருக்கிறது.

இனித் தோழரின் கேள்விக்கு வருவோம். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஒரு நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவதாக, அவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்களா? தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு விலை சொல்பவர் ஒன்றில் பிற்பாடு கூட்டுவார், அல்லது ஏற்றும் நாளில் இடம் போதாமல் நிற்பார். தொலைதூரத்தில் இருப்பவர்கள் வீட்டைக் காணொளியாக எடுத்து அனுப்பலாம். அலுமாரிக்குள் இருப்பதையும் காட்ட வேண்டும். கேள்வி அதிகம் கேட்பவரைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் கெட்டேன்.

இரண்டாவதாக, அவர்கள் யார்? நிறுவனமாக இருந்தால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு இலக்கம் இருக்கும். தனிநபர் வியாபாரமாயின் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் இருக்கும். அதன் பிரதியைக் கேளுங்கள். அதிலுள்ள பெயரும், பற்றுச்சீட்டில் உள்ள பெயரும், பணம் வைப்பிடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றும் மூன்று பெயராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. இந்திய நகரங்களில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரையே சிறிது மாற்றி வைத்துக்கொண்டு தொழில் செய்பவர்கள் உண்டு. விளம்பரப் பலகையில் உள்ள பெயர் எதற்கும் சான்றாகாது.

மூன்றாவதாக, லொறி யாருடையது, வருகிற ஆட்கள் யாருடையவர்கள்? வழியில் வேறு லொறிக்கு மாற்றுவார்களா, வேறு ஒருவரின் சாமானையும் சேர்த்து ஏற்றுவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். மாற்றுவதும் சேர்த்து ஏற்றுவதும் தொழிலில் வழக்கமானவையே. அதனால் கூலி குறையும் என்றால் அதை ஏற்கலாம். ஆனால் அது முன்கூட்டியே சொல்லப்பட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். நிரந்தர ஊழியர்களை வைத்து, முறையாகச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்கும் நிறுவனத்தில் சாமான் உடைவது குறைவு. பசித்த வயிற்றோடு சுமப்பவரிடம் நிதானத்தை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. மிகக் குறைந்த விலையைத் தேடும் நாமும் அவருடைய பசிக்கு ஒரு காரணம்.

நான்காவதாக, காப்புறுதி. "லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்ற பதிலைக் கேட்டு ஏமாற வேண்டாம். வாகனத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி உள்ளே ஏற்றிய உங்கள் சாமானுக்கு உதவாது. பயணத்தின்போது பொருள்களுக்கான காப்புறுதி தனியானது. அது உண்டா, எவ்வளவு தொகைக்கு, யார் பெயரில், உடைவுக்கும் பொருந்துமா, காணாமற்போவதற்கு மட்டுமா என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவதாக, பணம். முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்பவர் வேண்டாம். முற்பணம் எவ்வளவு, மிகுதி எப்போது, ஏற்றுக்கூலியும் இறக்குகூலியும் அடங்குமா, மாடிப்படிக்கும் பொதி கட்டும் பெட்டிக்கும் தனி விலையா, லொறி வாசலுக்கு வர முடியாவிட்டால் என்ன கணக்கு என்பவை தாளில் இருக்க வேண்டும். படங்கை அவிழ்க்க மறுத்து நின்ற சாரதிக்கு முன்னால் நான் கூனிக்குறுகி நின்றதற்கு இந்த ஒரு வரி எழுதப்படாததே காரணம்.

ஆறாவதாக, பட்டியல். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கம். பட்டியலில் இலக்கம், உள்ளே இருப்பது, ஏற்கெனவே உள்ள சேதம். இரண்டு பிரதி, இரு தரப்பு ஒப்பம். இறக்கும்போது ஒருவர் வாசலில் நின்று இலக்கங்களை அடையாளமிட வேண்டும். கொழும்பிலிருந்து வருவதாயின் பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது நல்லது. சுமப்பவருக்கு வாசிக்க முடியாத "கண்ணாடி, கவனம்" என்ற எச்சரிக்கையால் பயனில்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், புரியாத பகுதியை விளக்கச் சொல்லிவிட்டே ஒப்பமிட வேண்டும். சிறிய எழுத்தில் உள்ள பொறுப்பு வரையறைகளைக் கட்டாயம் படியுங்கள்.

ஏழாவதாக, காலம். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் மட்டக்களப்புக்குச் சாமான் ஏற்றாமல் இருப்பது உத்தமம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் பாதைகளைத் துண்டித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தவிர்க்க முடியாதாயின், பாதை மூடப்பட்டால் சாமான் எங்கே வைக்கப்படும், அதற்கு யார் செலவு என்பதையும் கேட்டு வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்த நிறுவனத்திடமும் கொடுக்க வேண்டாம். உறுதி, சாட்சிப்பத்திரம், கடவுச்சீட்டு, நகை, புகைப்படம் ஆகியவற்றை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யுங்கள். 1990 இல் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது 2016 இல் எனக்குத் தெரியாமற்போனது.

புலம்பெயர்ந்த நாடுகளில் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே விதிகள் இருக்கின்றன என்பது உண்மை. பிரித்தானியாவில் இத்தொழிலை நடத்தியவர்கள் 1900 ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சாமான் ஏற்றும் நிறுவனம், கட்டுப்படுத்தாத மதிப்பீடு ஒன்றைக் கொடுத்திருந்தால், அந்த மதிப்பீட்டின் 110 வீதத்தைப் பெற்றுக்கொண்டு சாமானை ஒப்படைத்தே ஆக வேண்டும். சாமானைப் பணயம் வைத்துப் பணம் பறிப்பது அங்கும் நடந்ததால்தான் அப்படி ஒரு விதி வேண்டியிருந்தது. அதே அமெரிக்காவில், மேலதிகக் கட்டணமின்றிக் கிடைக்கும் பாதுகாப்பைத் தெரிவு செய்து ஒப்பமிட்டால், இழப்பீடு இறாத்தலுக்கு 60 சதம் மட்டுமே. நாற்பது இறாத்தல் நிறையுள்ள தொலைக்காட்சி உடைந்தால் 24 டொலர். இந்தியாவில் 2007 ஆம் ஆண்டின் வீதிவழிப் பொருள் ஏற்றல் சட்டம் ஏற்றுநரைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்துக்கு முன்கூட்டியே உடன்படாவிட்டால் இழப்பீட்டுக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது. எந்த நாடானாலும், படிக்காமல் ஒப்பமிட்டவருக்குக் கிடைப்பது சொற்பமே.

இலங்கையிலும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். வியாபாரமாக வழங்கப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின்படி எழுதாமலே அடங்கியுள்ள உத்தரவாதம். முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். வழக்குக்குப் போகப் பொருள்வசதி இல்லாதவர்களுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் உண்டு. நான் இவற்றில் எதற்கும் போகவில்லை. தாள் இல்லாதவனாகப் போய் நிற்க வெட்கப்பட்டேன் என்பதே காரணம்.

எல்லாராலும் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்க முடியாது என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. செங்கலடியிலிருந்து பிள்ளையாரடிக்கு நான்கு கதிரையும் ஒரு கட்டிலும் மாற்றுகிறவர் சந்தியில் நிற்கும் சிறிய லொறியைத்தான் பிடிப்பார். பிடிக்கட்டும். அப்போதும் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து, லொறி இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் சாமான்களையும் கூலியையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். நேர்மையான சாரதி அதற்குக் கோபிக்கப் போவதில்லை. நாளைக்கு நீங்கள் பொய்யாக ஒரு பொருளைக் காணோம் என்று சொன்னால் அந்தத் தாள் அவரையும் காப்பாற்றும்.

2024 இல் என் தங்கை மட்டக்களப்பிலிருந்து வவுனியாவுக்கு வீடு மாறினார். இம்முறை நான் விடவில்லை. மூன்று இடத்தில் விலை கேட்டு, வீட்டைப் பார்க்க வந்து பட்டியல் போட்டவர்களுக்கே வேலையைக் கொடுத்தோம். அவர்கள் கேட்டது நடுத்தர விலை. போய்ச் சேர்ந்தபோது அலுமாரிக் கண்ணாடி ஒன்று வெடித்திருந்தது. அவர்களோடு வந்த மேற்பார்வையாளரே அதைப் பட்டியலில் குறித்து ஒப்பமிட்டார். இரண்டு வாரத்தில் புதிய கண்ணாடிக்கான பணம் வந்து சேர்ந்தது. ஒரு பொருளும் உடையாமல் கொண்டுசேர்ப்பேன் என்று வாக்குறுதி தந்தவர்களைவிட, உடைந்ததை மறைக்காமல் எழுதிய அந்த மனிதர் மீது எனக்கு மதிப்பு வந்தது.

தோழருக்கு இன்று காலை பதில் அனுப்பிவிட்டேன். எந்த ஆளின் பெயரையும் அதில் எழுதவில்லை. மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் எழுதி, கோடுகள் போட்ட ஒரு வெற்றுப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். இலக்கம், பொருள், நிலை, ஏற்றியபோது, இறக்கியபோது என்று ஐந்து பத்திகள். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தருபவர் எவராயினும், ஊர் எதுவாயினும், விலை கொஞ்சம் கூடினாலும் அவருக்கே கொடு என்று எழுதினேன். வந்து இறங்கும் நாளில் பட்டியலோடு வாசலில் நான் நிற்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்காவது "எண்ணிப் பார்த்தேன்" என்று என்னால் சொல்ல முடியும்.